பச்சை காட்டிய பிள்ளைகள்

நான் சங்குமுனைக்குப் போனது, பிலோமினாவை வேலையிலிருந்து நீக்கலாமா என்று பார்த்துச் சொல்லத்தான்.

அது 2051ஆம் ஆண்டின் ஐப்பசி மாதம். மூச்சுப்பட்டை புழக்கத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தபால்தலை அளவில் மெல்லிய ஒட்டு அது. குழந்தையின் நெஞ்சில் ஒட்டிவிட்டால் மூச்சை எண்ணும், நெஞ்சின் அசைவையும் சத்தத்தையும் கேட்கும். அம்மாவின் போனில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் காட்டும். பச்சை என்றால் பயமில்லை. சிவப்பு என்றால் யாரும் கூப்பிடாமலே, ஓட்டுநர் இல்லாமல் பறக்கும் ஆம்புலன்ஸான வான்வண்டி புறப்பட்டுவிடும். எங்கள் கடலோர மாவட்டங்களில் ஐந்து வயதுக்குக் கீழே பட்டை ஒட்டாத பிள்ளையே கிடையாது. அந்தப் பட்டைக்கு மூளை எழுதிய நால்வரில் நான் ஒருத்தி. பட்டை வந்தபின் நிமோனியாவில் சாகிற பிள்ளைகளின் கணக்கு பாதியாகக் குறைந்தது. நான் அதில் பெருமைப்பட்டதில் தவறில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

பட்டை இருக்கிறதே என்று ஒன்பது ஊருக்கு ஒரு நர்ஸ் என ஆக்கினார்கள். சங்குமுனையும் அதைச் சுற்றிய எட்டு ஊர்களும் பிலோமினாவின் பொறுப்பு. அவர் மேல் புகார் வந்தது. இரண்டு வருடத்தில் அறுபத்து மூன்று தடவை பச்சை காட்டிய பிள்ளைகளை அவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார். அதில் ஐம்பது பிள்ளைகளுக்கு மேல் ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மிஷினை நம்பாத நர்ஸ் என்று அவருக்குப் பெயர்.

நான் போய்ச் சேர்ந்த அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் உப்பளத்துப் பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. திரும்ப வழியில்லை.

துணை சுகாதார நிலையம் இரண்டு அறைதான். பிலோமினாவுக்கு ஐம்பது வயதிருக்கும். குட்டையான உருவம், உரத்த குரல்.

"நீங்க என்னைப் பாக்க வந்திருக்கீங்க, நான் பிள்ளைகளைப் பாக்கணும். ரெண்டும் நடக்கட்டும் மேடம்" என்று சொல்லி எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார்.

சளி, இருமல் என்று வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சட்டையைக் கழற்றச் சொன்னார். பிள்ளையைத் தொடவில்லை. அம்மா மடியிலேயே இருக்கவைத்து, கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு முழு நிமிடம் சும்மா உட்கார்ந்து நெஞ்சையும் வயிற்றையும் பார்த்தார். மூக்கைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். பால் குடிக்கிறதா, விளையாடுகிறதா, மூத்திரம் போகிறதா என்று கேட்டார். பத்தில் எட்டுப் பேரை, "சும்மா சளிதான். மூக்கைச் சுத்தம் பண்ணி விடு, பாலை அடிக்கடி குடு. இருமல் மருந்து ஒண்ணும் வாங்காத" என்று சொல்லி அனுப்பினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "பட்டைதான் எண்ணுதே. நீங்க ஏன் மறுபடி எண்ணுறீங்க?" என்று கேட்டேன்.

"அது எண்ணுது மேடம். நான் பாக்கேன்" என்றார்.

பத்து மணி வாக்கில் விண்ணரசி என்ற இளம்பெண் தன் மூன்று வயது மகன் ஆரோனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே அவளுக்குக் குடை பிடித்தபடி பக்கத்து வீட்டுச் சந்தனமாரி வந்தாள். மாரியின் தோளில் அவளுடைய மூன்று மாதக் குழந்தை முகிலி தூங்கிக்கொண்டிருந்தது.

ஆரோன் இருமினான். நாய் குரைப்பது போன்ற சத்தம். அழுதுகொண்டே மூச்சை இழுக்கும்போது தொண்டையில் கீச்சென்று ஒரு ஊளை. விண்ணரசியின் போனில் சிவப்பு மின்னியது. "வான்வண்டி புறப்பட்டுவிட்டது. நாற்பது நிமிடத்தில் வந்து சேரும்" என்றது போன்.

"அக்கா, என் பிள்ளையைப் பாருங்கக்கா, மூச்சு முட்டுதுக்கா!"

"முதல்ல நீ உக்காரு. நீ பதறினா அவன் இன்னும் அழுவான், அழுதா இன்னும் இறுகும். மடியில நேரா வச்சுக்க, படுக்க வைக்காத. வாயைத் திறந்து பாக்க வேண்டாம்." பிலோமினா ஜன்னலைத் திறந்தார். குளிர்ந்த மழைக்காற்று உள்ளே வந்தது. மருந்தை அளந்து, அழுகைக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக ஆரோனுக்குப் புகட்டினார். "குரல்வளை வீங்கியிருக்கு. அதான் இந்தச் சத்தம். வீக்கம் வத்துறதுக்குத்தான் இந்த மருந்து."

ஆரோன் அடங்கினான். அழுகை நின்றதும் ஊளையும் நின்றது. பிலோமினா அதை உன்னிப்பாகக் கவனித்தார். பிறகு நிமிர்ந்தவர், குடையை மடக்கிக்கொண்டு நின்ற மாரியைப் பார்த்தார். அவர் பார்வை அவள் தோளுக்குப் போனது.

"மாரி, பிள்ளை கடைசியா எப்ப பால் குடிச்சுது?"

"உறங்குதுக்கா. ரெண்டு நாளா இளைப்பு, உறக்கமே இல்ல. இப்பதான் அசந்து உறங்குது. பட்டையும் மஞ்சள்ல இருந்து பச்சைக்கு வந்துட்டு."

"எப்ப குடிச்சுதுன்னு கேட்டேன்."

மாரி யோசித்தாள். "நேத்து சாயங்காலம் குடிச்சுது. விடியக்காலம் வாயில வச்சேன், இழுக்கல."

"துணி நனைச்சுதா?"

"இல்லக்கா."

பிலோமினா குழந்தையை வாங்கி மேசையில் கிடத்திச் சட்டையை விலக்கினார். நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். விலா எலும்புகளுக்குக் கீழே தோல் லேசாக உள்ளே இழுபட்டு விடுபட்டது. மூச்சு ஒரே சீராக இல்லை. நாலைந்து எடுத்தபின் ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு. உதட்டைச் சுற்றிச் சாம்பல் பூத்த நிறம். பிலோமினா உள்ளங்காலில் சுண்டினார். குழந்தை முகத்தைச் சுளித்தது. அழவில்லை.

மாரியின் போனைப் பார்த்தேன். நேற்று நிமிடத்துக்கு அறுபத்தெட்டு மூச்சு. இன்று நாற்பத்திரண்டு. பச்சை. அருகில் 'முன்னேற்றம்' என்ற சொல். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

"குறைஞ்சிருக்கே. நல்லதுதானே?" என்றேன்.

பிலோமினா சுவரோரம் இருந்த சிறிய ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டே பேசினார். "நெஞ்சுக்குள்ள இருக்கிற சின்னச் சின்னக் குழாயில எல்லாம் சளி அடைச்சிருக்கு மேடம். ரெண்டு நாளா பிள்ளை இழுத்து இழுத்து ஓடியிருக்கு. இப்ப ஓடத் தெம்பில்ல. அதான் குறைஞ்சிருக்கு. குணமாகிக் குறைஞ்சா பால் கேட்டு அழும். இது அழக்கூட மாட்டேங்குது." குழாயை மூக்கில் பொருத்தினார். "உங்க பட்டை ஆக்சிஜன் பாக்காதா?"

"முதல்ல பார்த்துச்சு. குழந்தை கையைக் காலை ஆட்டினாலே சிவப்பு காட்டுச்சு. பொய்ச் சிவப்பு நிறைய வந்ததால அதை எடுத்துட்டோம்."

அவர் உருளையின் திருகைத் திறந்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை அழைத்தேன். பணியில் இருந்த டாக்டர் என் பெயரைக் கேட்டதும் மரியாதையாகப் பேசினார். "மேடம், சங்குமுனைக்கு வண்டி வந்துக்கிட்டுத்தான் இருக்கு, ஆரோனுக்காக. முகிலி பச்சையில இருக்கு. பச்சைக்கு வண்டியை மாத்திவிட எனக்கு இங்க பட்டனே கிடையாது. நீங்க எழுதின விதிதானே அது?"

உண்மைதான். செல்வாக்கு உள்ளவர்கள் வண்டியைத் திருப்பிக்கொள்வார்கள் என்று பயந்து அந்தப் பட்டனை வேண்டாம் என்று முடிவு செய்த கூட்டத்தில் நானும் கை தூக்கியிருந்தேன்.

"இன்னொரு வண்டி?"

"இந்தக் காத்துல பறக்கிறது ஒண்ணுதான். போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும்."

உருளையின் முள்ளைப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்துக்குக்கூடக் காணாது.

வண்டியில் ஒரு பிள்ளைக்கும் ஒரு தாய்க்கும்தான் இடம். சிவப்புப் பட்டை அருகில் போனால்தான் கதவே திறக்கும். பட்டையைப் பிய்த்தாலும் பத்து நிமிடத்துக்கு அதன் நிறம் மாறாது. அது பிலோமினாவுக்குத் தெரிந்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நேரே விண்ணரசியின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"விண்ணு, நான் ஒண்ணு கேக்கப் போறேன். நீ மாட்டேன்னு சொன்னா நான் கோவப்பட மாட்டேன். இந்த வண்டியில மாரி பிள்ளை போகணும்."

விண்ணரசி மகனை இறுக்கிக்கொண்டாள். "என் பிள்ளைக்குத்தானக்கா சிவப்பு காட்டுது?"

"ஆமா."

"அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? ஆகாதுன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். வீக்கம் கூடுறதும் உண்டு. சும்மா இருக்கும்போதே அந்த ஊளைச் சத்தம் வந்தா அவனையும் அனுப்பித்தான் ஆகணும். வண்டி திரும்பி வார வரைக்கும் நான் இவன் பக்கத்தை விட்டு நகர மாட்டேன். அது மட்டும்தான் என்னால சொல்ல முடியும்." கொஞ்சம் நிறுத்தி, "நான் சொல்லுதேன்னு செய்ய வேண்டாம். ரெண்டு பிள்ளையையும் நீயே பாரு" என்றார்.

விண்ணரசி எழுந்து மேசையருகே வந்தாள். இடுப்பில் ஆரோன் சிணுங்கிக்கொண்டு, தாயின் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவன் முகம் சிவந்து, கண்ணீரும் சளியுமாக இருந்தது. மேசையில் முகிலி கிடந்தாள். விண்ணரசி வெகுநேரம் பார்த்தாள். முகிலியின் மூச்சில் அந்த இடைவெளி வந்தது. அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மறுபடி நெஞ்சு அசைந்தது.

மாரி ஒன்றுமே கேட்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்திருப்பாள்.

வெளியே வண்டியின் இரைச்சல் கேட்டது. விண்ணரசி தன் மகனின் சட்டைக்குள் கைவிட்டாள். பட்டையைத் தானே பிய்த்தாள். பள்ளிக்கூடத் திடலுக்கு எங்களுக்கு முன்னால் அவள்தான் ஓடினாள். வண்டி இறங்கியதும் முகிலியின் நெஞ்சில் அதைத் தன் கையாலேயே ஒட்டிவிட்டாள்.

கதவு திறந்தது. "வணக்கம், ஆரோன்" என்றது வண்டி.

பிலோமினா உள்ளே இருந்த ஆக்சிஜன் குழாயைப் பொருத்திவிட்டு, மாரியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "அழுகையை நிறுத்திட்டுக் கேளு. போனைப் பாக்காத, பிள்ளை நெஞ்சைப் பாரு. அசையலன்னா உள்ளங்காலைச் சுண்டு, முதுகைத் தேய்ச்சு விடு. விடாத."

நான்கு தடவை சுண்ட வேண்டியிருந்தது என்று மாரி பிற்பாடு சொன்னாள். நடுவழியில், "ஆரோனின் நிலை சீரடைந்துள்ளது. திரும்பிச் செல்லலாமா?" என்று வண்டி கேட்டதாம். "போ! நிக்காத, போ!" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாளாம்.

பிலோமினா சொன்னபடியே ஆரோனை விட்டு நகரவில்லை. விண்ணரசி அவர் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. முதல் ஒரு மணி நேரம் என் வாழ்க்கையிலேயே நீளமானது. ஒருமுறை அவன் இருமி முடித்தபின்னும் அந்த ஊளை கேட்டது. விண்ணரசி எழுந்தேவிட்டாள். பிலோமினா கையை உயர்த்தி இரு என்று காட்டினார். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. பன்னிரண்டரைக்கு அவன் பிஸ்கட் கேட்டான். விண்ணரசி முதன்முதலாக அப்போதுதான் அழுதாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். முகிலியை மூச்சுக் கருவியில் வைத்திருப்பதாகவும், இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார்கள். ஆறு நாள் கருவியில் இருந்தாள். பத்தாம் நாள் பால் குடிக்கத் தொடங்கினாள்.

பட்டையைத் தவறாகப் பயன்படுத்தியதற்காகப் பிலோமினா மூன்றாவது வாரம் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். நான் அவருக்குச் சாதகமாகத்தான் எழுதியிருந்தேன். விசாரணைக் குழுத் தலைவர் என் அறிக்கையைப் படித்துவிட்டு, "ஒரு பிள்ளை விஷயத்துல அந்தம்மா சொன்னது சரியாப்போச்சு. அதுக்காக லட்சம் பிள்ளைகளைக் காப்பாத்துற விதியை உடைக்க முடியுமா?" என்று கேட்டார்.

பதிலைத் தேடித்தான் பழைய பதிவுகளைத் திறந்தேன். இரண்டு நாள் மஞ்சளில் இருந்து, மூச்சின் வேகம் சட்டென்று குறைந்து, பால் உறிஞ்சும் சத்தமே இல்லாமல் பச்சைக்கு வந்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படாத கைக்குழந்தைகள் எத்தனை பேர் என்று தேடினேன். பதினொன்று கிடைத்தது. பதினொன்றின் கடைசி வரியும் ஒன்றுதான்: 'பட்டை கழற்றப்பட்டது. குணமடைந்தது.'

எனக்கு நிம்மதியாக இருந்தது. பதினொருவருமே பிழைத்திருக்கிறார்கள். அப்படியானால் முகிலிதான் விதிவிலக்கு.

பிறகு ஒரு சந்தேகம் வந்தது. குணமடைந்தது என்று யார் எழுதியது? எந்த டாக்டரும் எழுதவில்லை. பச்சையில் இருக்கும்போது பட்டையைக் கழற்றினால் அந்த வரியை எங்கள் நிரலே எழுதிக்கொள்ளும். இறப்புப் பதிவேட்டை வரவழைத்து ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டேன். மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. பதினொரு பெயரும் அதில் இருந்தன. நாங்கள் பெருமைப்பட்ட கணக்கில் அவர்களைப் பிழைத்தவர்களாக எண்ணி வைத்திருந்தோம். பிலோமினாவின் ஒன்பது ஊர்களிலிருந்து ஒரு பெயர்கூட அந்தப் பதினொன்றில் இல்லை.

பதிவுகளைக் குழுவுக்கும், அரசுக்கும், பத்திரிகைக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். பிறகு சங்குமுனைக்குப் போய்ப் பிலோமினாவிடம் சொன்னேன். அவர் வீட்டு முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தன் வேலை திரும்பக் கிடைக்குமா என்று கேட்கவில்லை.

"பேரு இருக்கா?"

கொடுத்தேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி, ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லிப் படித்தார்.

"இந்தத் தாய்மாருக்கெல்லாம் தெரியுமா?"

"இன்னும் இல்ல. பத்திரிகையில வந்ததும் தெரிஞ்சிரும்."

"பேப்பர்ல படிச்சுத்தான் தெரியணுமா?" செருப்பை மாட்டினார். "நீங்களே போய்ச் சொல்லணும்மா. தனியாப் போக வேண்டாம். நானும் வாரேன்."

முதல் வீடு கரிசல் காட்டுப் பக்கம். இசக்கிராணிக்கு இருபத்து நான்கு வயது. ஆண் குழந்தை, நான்கு மாதம், இறந்து ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது. யாரோ கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிலோமினா குழந்தையின் பெயரைச் சொன்னதும் அவள் முகம் இருண்டது.

"நான்தான் கழட்டுனேன்" என்றாள், நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே. "பச்சைதான காட்டுதுன்னு, ஒட்டுன இடத்துல தோல் தடிச்சிருக்கேன்னு கழட்டுனேன். ஒரு மணி நேரத்துல பிள்ளை போயிட்டு. கழட்டாம இருந்தா சிவப்பு காட்டியிருக்கும், வண்டி வந்திருக்கும்னு எல்லாரும் சொன்னாவ. எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லல. ஆனா அன்னைக்கு இருந்து என் முகத்தைப் பாத்துப் பேசுறதில்ல."

பிலோமினா நகர்ந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அது நான் சொல்லவேண்டியது.

"அந்தப் பட்டைக்கு விதி எழுதினது நான்தான்" என்றேன். "நீங்க கழட்டாம இருந்திருந்தாலும் அது பச்சைதான் காட்டியிருக்கும். மூச்சு நிக்கிற வரைக்கும் பச்சைதான், அதுக்குப் பிறகு வண்டி வந்தும் பிரயோஜனம் இல்ல. பிள்ளை ஓய்ஞ்சுபோறதைக் குணமாகுதுன்னு அது எடுத்துக்கிச்சு. தப்பு எங்களோடது. உங்களோடது இல்ல."

திட்டுவாள், அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அவள் எழுந்து உள்ளே போனாள். போனில் யாரையோ அழைப்பது கேட்டது.

"ஏங்க, வேலையைப் போட்டுட்டு உடனே வாங்க. இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. வாங்க."

திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அவர் வரட்டும்" என்றாள். "இப்ப சொன்னீங்கள்ல, அதை அவர்கிட்டயும் ஒருதடவை சொல்லிருங்க."

மூன்று பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.